நட்டின் மேல் ரோஸ் கோடு

படகுத்துறையில் எல்லோரும் என் கணவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தக் கப்பலையும் ஓட்டியவர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, இனிமேல் குடித்தனம் இதில்தான் என்று அறிவித்தார். நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கு இருமல் இல்லை.

அன்று காலை நான் அந்தப் படகின் உள்ளே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். மேல்தளத்திலிருந்து அறைக்கு இறங்குகிற மரப்படியைக் கழற்றிச் சாய்த்து வைத்தால், அதன் பின்னால் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள்தான் இஞ்சின். இந்தப் படகைக் கட்டிய மகராசன், இஞ்சினைத் தொட ஒரு மனுஷக் கை உள்ளே போகவேண்டும் என்பதைக் கடைசிவரை யோசிக்கவே இல்லை. என் கை சின்னது, எப்படியோ நுழைந்துவிடும். கேப்டனுக்குத் தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது கை காதுக்கு மேல் ஏறாது, வளைத்து நீட்டவும் முடியாது. ஆக, இஞ்சின் வேலை என் தலையில் விழுந்தது. அவர் மேலே உட்கார்ந்து சொல்வார், நான் கீழே செய்வேன். எங்கள் குடித்தனத்தில் இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை.

அன்று எங்களுக்கு யார்டில் தேதி. வாய்க்காலின் மறுமுனையில் இருக்கிறது யார்டு. அங்கே கிரேனால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். நாங்கள் தையற்கடைக்கு மேல்மாடியில் பார்த்து வைத்திருக்கும் இரண்டு அறை வீட்டுக்குப் போய்விடுவோம். கிரேன் தூக்குவதற்குத் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கவேண்டும். மதியத்துக்குப் பிறகு அது இறங்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கு விட்டால் மழைக்காலம் முடியும்வரை கிரேனுக்கு ஓய்வு. இன்னொரு மழைக்காலம் முழுக்க இந்த ஈரத்தில் படுத்தால் உங்கள் நுரையீரலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எங்கள் படகில் தலையணைக்குக்கூடப் பூஞ்சை பிடிக்கும். காலையில் உதறி வெயிலில் வைத்தால் மாலைக்குள் மறுபடியும் அதே வாசனை.

இது மூன்றாவது தேதி. முதல் தேதியன்று இஞ்சின் கிளம்பவில்லை. இரண்டாவது தேதியன்றும் கிளம்பவில்லை. அதனால் நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். இன்றைக்குப் படகு போகவில்லை என்றால் நான் மட்டும் போய்விடுவேன். என் துணிகளை ஒரு பையில் அடைத்துக் கட்டில் ஓரம் வைத்திருந்தேன். அவருடைய சட்டைகள் இன்னும் அலமாரியில்தான் தொங்கின. என் முடிவை அவரிடம் சொல்லவில்லை. பையை அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் கர்கர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதேதான்.

"ஏர் பிடிச்சிருக்கும்மா" என்றார் அவர் மேலேயிருந்து. குரலில் வருத்தம் இருந்தது.

"எனக்கென்ன புதுசா? எடுத்துட்டாப் போச்சு."

டீசல் இஞ்சினுக்குக் காற்று ஆகாது. டேங்கிலிருந்து இஞ்சினுக்கு வரும் குழாயில் எங்காவது காற்று புகுந்துவிட்டால், புரையேறின குழந்தை மாதிரி திணறி நின்றுவிடும். புதிய வண்டிகளில் அது தானாகவே சரியாகிக்கொள்ளுமாம். எங்களுடையது கிழட்டு இஞ்சின். ஒவ்வொரு இடமாகத் திருகைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, காற்றை வெளியே தள்ளி, சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கவேண்டும். முதலில் ஃபில்டர், அப்புறம் பெரிய பம்ப், கடைசியில் டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்டர். வரிசை மாறக்கூடாது. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. அது என்னிடம் அன்று அடிமட்டத்தில் இருந்தது.

"ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணு. முழுசா கழட்டிடாத."

"தெரியும்."

"போன தடவ கழண்டு அடிப்பள்ளத்துல விழுந்துருச்சு."

"நான் எடுத்துக் குடுத்து, உங்க கையிலேர்ந்து விழுந்தது."

நான் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அடியில் ஒரு பழைய துணியைத் திணித்து, பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கைப்பிடியைக் கட்டைவிரலால் அமுக்க ஆரம்பித்தேன். அது ஒரு பொல்லாத கைப்பிடி. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பிடிக்கவேண்டும். ஒரு அமுக்குக்கு ஒரு ஸ்பூன் டீசல்கூட வராது. ஸ்க்ரூவைச் சுற்றி நுரை வந்தது. நுரை வந்தால் நல்லது, காற்று போகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நுரை குறைந்து, குமிழி குறைந்து, கண்ணாடி மாதிரி டீசல் வரவேண்டும்.

வரவில்லை. நுரைதான் வந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல் மரத்துப்போய், மற்ற கையை மாற்றி, அதுவும் மரத்துப்போய், மறுபடி முதல் கைக்கு வந்தேன். தலைக்கு மேலே பலகை இடித்தது. டீசல் வாடை தொண்டைக்குள் போய் இருமல் கிளம்பியது. இருமினால் கை நழுவும், கை நழுவினால் கைப்பிடியை மறுபடி தேடவேண்டும்.

"கொஞ்சம் மேல வந்து காத்து வாங்கிட்டுப் போயேன்" என்றார்.

"காத்து நெறைய இருக்கு. அதத்தான் வெளிய தள்ளிட்டிருக்கேன்."

அவர் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து டீ போட்டு, பொந்தின் வாசலில் எனக்கு எட்டும் இடத்தில் வைத்தார். ஸ்பேனரைத் துடைத்துக் கையில் கொடுத்தார். டார்ச்சைப் பிடித்தார். என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். சொல்லித்தானே ஆகவேண்டும், அவர் கெட்டவர் இல்லை. கோபப்பட ஒரு காரணம் தரவேமாட்டார். அதுதான் அவரிடம் இருக்கிற கஷ்டம்.

நான் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். எங்கள் இஞ்சினில் எல்லா நட்டின் மேலும் ஒரு கோடு இருக்கும். தோள் நன்றாக இருந்த காலத்தில் கேப்டன் ஆரம்பித்த வழக்கம் அது. ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டுவிடுவார். நட்டு அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு விலகி நிற்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும். யாரோ விமான மெக்கானிக் அப்படிச் செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, அன்று மாலையே என் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டார். மகள் ஆசையாக அனுப்பிய சிவப்புப் பாட்டில். நான் இரண்டு விரலுக்குப் போட்டுப் பார்த்தேன், மிச்சத்தை இஞ்சின் போட்டுக்கொண்டது.

கண்ணுக்கு எட்டிய கோடுகள் எல்லாம் முழுசாகவே இருந்தன.

"எல்லாக் கோடும் சரியா இருக்கு. அப்புறம் ஏங்க நுரை நிக்கல?"

"ஃபில்டர் வாஷர் தேஞ்சிருக்கும். மாத்திப் பாப்போம்."

வாஷரை மாற்றினோம். அதற்கு ஃபில்டரைக் கழற்ற வேண்டியிருந்தது, உள்ளே இருந்த டீசல் என் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கைக்குள் போனது. மறுபடி பம்ப் அடித்தேன். மறுபடியும் நுரை.

"டேங்க் பக்கம் ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"அங்க நான் காலையிலயே பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. நீ இங்க பாரு, இந்த ஹோஸ் கிளிப்ப இன்னும் கொஞ்சம் முறுக்கு."

முறுக்கினேன். நுரை நிற்கவில்லை. வட்டச் சன்னல் வழியாகப் படகுத்துறையின் மரத்தூண் தெரிந்தது. காலையில் அதில் ஒட்டியிருந்த சிப்பிகள் எல்லாம் வெளியே தெரிந்தன. இப்போது தண்ணீர் அவற்றை மூடிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கிரேன்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் எங்கள் இரண்டு தேதியையும் பார்த்தவர். பேச்சில் அலுப்பு தெரிந்தது.

"கேப்டன், கிளம்பிட்டீங்களா?"

"கொஞ்சம் ஏர் பிரச்சினை. வீட்டுக்காரம்மா பாத்துட்டிருக்காங்க."

"தண்ணி ஏறிடுச்சு. நீங்க வந்தா தூக்குறேன், வரலன்னா பெல்ட்ட சுருட்டி வச்சிட்டுப் போறேன். என் இழுவைப் படகும் பலகை மாத்தக் கரையில கெடக்கு. வந்து கட்டி இழுக்கவும் முடியாது."

பாய் விரித்துப் போகலாம் என்றால் பாய்களை முந்தின வாரமே மடித்து மாடி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவை இருந்திருந்தாலும் அந்தக் குறுகலான வாய்க்காலில் எதிர்க்காற்றில் யாரும் பாய் விரித்துப் போகமுடியாது. இஞ்சின் ஒன்றுதான் வழி.

"அவர் சொன்னா சொன்னதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கேப்டன் எழுந்து, ஒரு கையை ஊன்றி மெல்ல மேலே ஏறினார். "நான் போய்க் கயிறெல்லாம் தயாரா இருக்கான்னு பாக்கிறேன்." நாலு கயிறு, காலையிலிருந்து தயாராகத்தான் இருந்தது. அவர் படகின் முன்பக்கம் போகிற சத்தம் தலைக்கு மேல் கேட்டது.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். டீ ஆறிப்போயிருந்தது. போன தடவை வந்த மெக்கானிக் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர். நுரையைப் பார்த்துவிட்டு, "கொமிழி தீரும்னா உள்ள இருந்த காத்து. தீரவே மாட்டேங்குதுன்னா புதுசா காத்து வருது. பம்புக்கு முன்னாடி தேடணும்" என்றார். பம்புக்கு முன்னால் இருக்கிற குழாயில் டீசல் வெளியே கசியாது, பம்ப் உறிஞ்சும்போது வெளிக்காற்றுதான் உள்ளே போகும் என்றும் விளக்கினார். ஒரு சொட்டுகூடத் தரையில் விழாது, ஆனால் இஞ்சின் நின்றுவிடும். அன்று அவர் தேடிப் போன இடம் டேங்க். குழாய் டேங்கில் வந்து சேருகிற நட்டு தளர்ந்திருந்தது. இஞ்சின் ஓடுகிற ஆட்டத்தில் தளர்ந்திருக்கும் என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தார். சாயந்திரம்வரை இஞ்சின் மணியாக ஓடியது. ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டது, அந்தத் தேதி போய்விட்டது.

இஞ்சினை நிறுத்திய பிறகு அந்த நட்டின் மேல் நான்தான் கோடு போட்டேன். சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. கடைத்தெருவில் மலிவாக ஒரு ரோஸ் கலர் பாட்டில் வாங்கி வந்திருந்தேன். எனக்குப் பிடிக்காத ரோஸ். அதை இரண்டு தடவை தடித்துப் போட்டுவிட்டு, இஞ்சின் சாவியை மாடி வீட்டுச் சாவியோடு சேர்த்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நீயே வச்சுக்கோ என்று அவரே கொடுத்தார்.

டேங்க் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என் பக்கத்துக்கு அடியில் தண்ணீர் டேங்க், அவர் பக்கத்துக்கு அடியில் டீசல் டேங்க். அந்தத் தோளோடு அவர் எட்டித் தொடக்கூடிய ஒரே நட்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. காலையில் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். சொன்ன பிறகு போய்ப் பார்ப்பது அவரை நம்பாததுபோல் ஆகும். நான் தயங்கினேன் என்பது உண்மை. ஆனால் கட்டைவிரல் இரண்டும் போய்விட்டது, இன்னொரு தடவை அந்தக் கைப்பிடியை அமுக்க என்னால் முடியாது. அதனால் எழுந்துபோய் அவர் பக்கத்து மெத்தையைத் தூக்கினேன். பலகையை எடுத்தேன். டார்ச்சை அடித்தேன்.

ரோஸ் கோடு உடைந்திருந்தது. நட்டின் மேல் இருந்த துண்டு கால் வட்டம் விலகி நின்றது.

கொஞ்ச நேரம் வேறு எதுவும் தோன்றவில்லை. நட்டு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போகலாம் என்றுதான் மனசு ஓடியது. ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் கை நின்றது. கோடு போட்டபிறகு இஞ்சின் ஓடவில்லை. ஒருநாள்கூட ஓடவில்லை. இன்று காலைவரை சாவி என் கைப்பையில்தான் இருந்தது. ஓடாத இஞ்சின் எந்த நட்டையும் ஆட்டாது. அந்த நட்டு தானாகத் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது, துறையே எட்டிப்பார்க்கிற மாதிரி கத்துவேன். அன்று கத்த வரவில்லை. கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு அசதி வந்து அதை மூடிவிட்டது. பக்கத்தில் படுத்து ராத்திரியெல்லாம் நான் இருமுவதைக் கேட்டவர், அந்த மெத்தையைத் தூக்கி, அந்தப் பலகையை எடுத்து, நிதானமாக அந்த நட்டைத் தளர்த்திவிட்டு, மெத்தையைப் பழையபடி விரித்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

படியைக் கழற்றி வைத்திருந்ததால் கையை ஊன்றி ஏறித்தான் மேலே போகவேண்டியிருந்தது. ஏறிப் போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அது இஞ்சின் பக்கத்து ஸ்பேனர் இல்லை, டேங்க் நட்டுக்கான பெரிய ஸ்பேனர்.

"டேங்க் நட்டு லூசா இருக்கு" என்றேன்.

"அப்படியா. ஆட்டத்துல..."

"எந்த ஆட்டம்? சாவி என்கிட்டதான இருந்துச்சு."

கயிறு சுருட்டுவது நின்றது. அவர் தண்ணீரைப் பார்த்தார். நான் விடவில்லை.

"போன தடவையும் நீங்கதானா?"

தலையை ஆட்டினார்.

"மொத தடவையும்?"

அதற்கும் ஆட்டினார்.

"நான் இருமுறது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது." கயிற்றின் நுனியைத் திருகினார். "கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு இறுக்கிடலாம்னுதான் நெனப்பேன். விடிஞ்சா மனசு வரமாட்டேங்குது."

"எதுக்கு மனசு வரல?"

"அந்த யார்டுல ஏத்தின படகு எது திரும்பி எறங்கியிருக்கு, சொல்லு. எல்லாத்துக்கும் அடியில புல்லு மொளச்சு நிக்குது. அப்புறம் நான் எங்க போறது? அந்த மாடியில சன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்க பாரு, அதுல உக்காந்து நான் யாரப் பாக்கிறது? இங்க வர்றவன் போறவன் எல்லாம் கேப்டன்கிறான். அங்க அந்தத் தையக்காரருக்கு நான் மாடி வீட்டுப் பெரியவர்."

அந்த நாற்காலியை நான் கடை கடையாக ஏறிப் பார்த்து வாங்கினேன். அவர் தோளுக்குச் சாய வசதியாக இருக்கவேண்டும், சன்னல் வழியாகக் கொஞ்சமாவது தண்ணீர் தெரியவேண்டும் என்று நாற்காலியை நாலு இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

"இதச் சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு தேதி போச்சு."

"சொன்னா நீ இங்கயே இருந்திருப்ப. எனக்காக இருமிக்கிட்டே இருந்திருப்ப. அதுவும் எனக்கு வேணாம்."

"அதனால திருட்டுத்தனமா இருக்க வச்சீங்க."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"கேட்டுக்கோங்க" என்றேன். "பை கட்டி வச்சிருக்கேன், பாத்திருப்பீங்க. இன்னிக்குப் படகு போகலன்னா நான் ரோட்டு வழியா நடந்து அந்த வீட்டுக்குப் போயிடுவேன். காலையிலயே முடிவு பண்ணிட்டேன், இப்ப கோவத்துல சொல்லல. நீங்க இங்க இருக்கணும்னா இருங்க. வந்து பாத்துக்கிறேன், சண்டையெல்லாம் போடமாட்டேன். ஆனா ராத்திரி இங்க படுக்கமாட்டேன்."

ஸ்பேனரை எங்கள் இருவருக்கும் நடுவில் பலகைமேல் வைத்தேன்.

"ஏர் எத்தன தடவ வேணும்னாலும் எடுக்கிறேன். அந்த நட்ட மட்டும் நான் முறுக்கமாட்டேன். அது உங்க வேலை."

கீழே இறங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர எனக்குப் பயமாக இருந்தது. அவர் வரமாட்டார், நான் எழுந்து நடக்கவேண்டியிருக்கும், சொன்ன வாய்க்காக நடந்துதான் ஆகவேண்டும். இத்தனை வருஷம் கழித்து இரண்டு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக டீ போட்டுக் குடிப்பதை நினைத்துப் பார்த்தேன். நினைக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பையைக் கீழே வைக்கவில்லை. தூணில் தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை, அப்படியே நின்றது.

அப்புறம் அவர் கால் ஒன்று உள்ளே தொங்கியது. படி இல்லாத இடத்தில் ஒரு கையை மட்டும் ஊன்றி இறங்குவது அவருக்குச் சுலபம் இல்லை. நான் எழுந்து இடுப்பைப் பிடித்து இறக்கினேன். அவர் நேராகக் கட்டிலுக்கு வந்து, மண்டியிட்டு, திறந்திருந்த பலகைக்குள் கையை விட்டார். ஸ்பேனர் நட்டில் கவ்வுகிற சத்தம் கேட்டது. இறுக்கும்போது தோள் வலித்திருக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார். நான் உதவிக்குப் போகவில்லை.

"அந்த ரோஸ் பாட்டில் எங்க?"

"மாத்திர டப்பாவுல."

பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். தோள் இழுத்ததால் கோடு கோணலாக வந்தது. அதன் மேல் ஊதி ஊதிக் காயவைத்தார்.

மறுபடி பொந்துக்குள் தலையை விட்டேன். கட்டைவிரல் வலித்ததால் ஸ்பேனரின் பிடியால் கைப்பிடியை அமுக்கினேன். நுரை வந்தது. பிறகு பெரிய குமிழி, பிறகு சின்னச் சின்னக் குமிழி, பிறகு அதுவும் நின்று வெறும் டீசல். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, டீசல் வாடை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூவை இறுக்கினேன். பெரிய பம்பில் இருக்கும் ஸ்க்ரூவுக்குப் போனேன், அங்கே சீக்கிரமே தெளிந்துவிட்டது. கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தினேன்.

"கடல் தண்ணி வால்வ மூடிட்டியா?" என்றார். இஞ்சின் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் குளிர்விக்க வரும் தண்ணீர் நிறைந்து இஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிடும். அதற்காக மூடி வைப்போம்.

"மூடிட்டேன்."

"ஸ்டாப் நாப்?" இஞ்சினை அணைக்கிற குமிழைக் கேட்டார்.

"உள்ளதான் இருக்கு. சாவியத் திருப்புங்க."

அவர் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, நட்டுகளைச் சுற்றி டீசல் துப்பியது. இறுக்கினேன். "இப்ப" என்றேன். கர்கர் என்று இழுத்து, ஒரு தடவை தும்மி, இன்னொரு தடவை தும்மி, பிடித்துக்கொண்டது. தட்டு, டம்ளர், அலமாரிக் கதவு எல்லாம் ஆட ஆரம்பித்தன. நான் வால்வைத் திறந்தேன். படகின் பின்னால் தண்ணீர் துப்புகிற சத்தம் கேட்டது. யாரும் சந்தோஷப்பட்டுக் கைதட்டவில்லை. நான் டீசல் கையைத் துடைத்துக்கொண்டு படியை அதன் இடத்தில் மாட்டினேன், அவர் மேலே போய்க் கயிறுகளை அவிழ்த்தார்.

வாய்க்காலில் போகும்போது அவர் இடது கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது, அதுவும் ஒரு சௌகரியமாகவே இருந்தது. துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கி, "கேப்டன்" என்று கூப்பிட்டார். அவரும் கையைத் தூக்கினார், காதுவரைக்கும்.

யார்டில் கிரேன்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் பெல்ட்டைத் தண்ணீருக்குள் இறக்கினார். படகு பெல்ட்டின் மேல் வந்து நின்றது. "போதும் கேப்டன், இஞ்சின நிறுத்திடுங்க" என்று குரல் கொடுத்தார்.

ஸ்டாப் நாப் சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே இழுத்தால் டீசல் நின்று, இஞ்சின் அணைந்துவிடும். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீ இழு என்று அவர் கண் சொன்னது. அந்த ஒரு நட்டைத் தவிர அன்று எல்லா வேலையும் என் கைதான் செய்தது, ஆனால் அந்த வேலை என்னுடையது இல்லை. நான் கிரேனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இஞ்சின் நின்றது.

அவருடைய சட்டைகளை அன்று மாலை நான்தான் அலமாரியிலிருந்து எடுத்து மடித்தேன். அவர் படகின் கீழே முட்டுக்கட்டைகளுக்கு நடுவில் நடந்து, அடிப்பலகையைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி வீட்டில் எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. தையல் மெஷின் சத்தம் பகலெல்லாம் கீழேயிருந்து வருகிறது, அதற்கும் பழகிவிட்டது. சன்னல் நாற்காலியில் அவர் அதிகம் உட்காருவதில்லை. யார்டுக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு வருவார், வந்தால் பேசாமல் சாப்பிடுவார். அந்த நட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

குடிவந்த புதிதில் சமையல் மேடைக்கு அடியில் குழாய் சொட்டியது. நான் பிளம்பரைக் கூப்பிடச் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்தபோது சொட்டு நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன். குழாய் நட்டின் மேல் ஒரு ரோஸ் கோடு போட்டிருந்தது, அதுவும் கோணலாக. இன்றுவரை அந்தக் கோடு உடையவில்லை. ஆனாலும் தினமும் காலையில், டீக்குத் தண்ணீர் வைக்கும் முன், நான் குனிந்து பார்த்துவிடுகிறேன்.